பதினேழாவது தேவை

ஜனவரி 19, திங்கள்

டைரி எழுதுவது என் வழக்கமில்லை. இது எங்களுக்குப் பாடம் எடுக்கும் எஸ்தர் மேடத்தின் உத்தரவு. "எங்க போனே, யாரப் பாத்தே, என்ன கேட்டேன்னு அன்னன்னைக்கு எழுது முப்பிடாதி. நான் படிக்க மாட்டேன். நீ எழுதுனா போதும்" என்றார்.

எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. கடிதத்தின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி: எந்தப் பாடத்திலும் அரியர் இருக்கக் கூடாது. எனக்கு இருப்பது ஒரே ஒரு அரியர், சிஸ்டம் அனாலிசிஸ். ஒருவருக்கு மென்பொருள் செய்து கொடுப்பதற்கு முன் அவருக்கு என்னென்ன தேவை என்று போய்க் கேட்டு, பட்டியல் போட்டு, அவருடைய வேலையைப் படமாக வரைய வேண்டும். அவ்வளவுதான் பாடம். இதில் பெயிலாவதற்குத் தனித் திறமை வேண்டும், அது என்னிடம் இருந்தது.

போன வருடம் ஒரு நூலகத்துக்குத் தேவைப் பட்டியல் போடச் சொன்னார்கள். நூலகம் வரைக்கும் போகச் சோம்பல். வீட்டில் உட்கார்ந்தபடியே நூலகர் ஒருவரை உண்டாக்கி, நாற்பது கேள்வி கேட்டு, நாற்பதுக்கும் நானே பதில் எழுதினேன். மேடம் முழுவதும் படித்தார். "இவரு ஒரு தடவ கூட இருமல, டீக்குப் போகல, பேச்ச மாத்தல. கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொல்லுதாரு. இப்படி ஒரு மனுசன் திருநெல்வேலி ஜில்லாவுலயே கெடயாதே" என்றார். அன்று முதல் வகுப்பில் எனக்குப் பெயர் நூலகர்.

அதனால் இந்தத் தடவை மேடம் புது விதி போட்டிருக்கிறார். பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை ரிவ்யூ. நாங்கள் யாருக்காகப் பட்டியல் போடுகிறோமோ அந்தக் கிளையண்ட் நேரில் வந்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் "ஆமா, இது நான் சொன்னது" என்று சொல்ல வேண்டும். சொல்லாத வரி ஒன்று இருந்தாலும் நான் பெயில். வேலையும் போச்சு.

ஜோடியாக ரஹ்மத் நிஷாவைப் போட்டிருக்கிறார். வகுப்பில் முதல் மார்க். சேர்ந்து செய்யும் வேலை என்பதால் அவள் மார்க்கும் இதில்தான். என்னைப் பார்த்த பார்வையிலேயே அது தெரிந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

கிளையண்ட் கிடைத்தார். ரஹ்மத்தின் வாப்பா மேலப்பாளையத்தில் வாழை இலைக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் இலை எடுக்கும் கோமதியக்கா, கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர். நாற்பது வயது இருக்கும். தம்பி ஆவுடையப்பன்தான் சமையல் மாஸ்டர். அவரையும் சேர்த்துப் பதினாலு ஆட்களை வைத்து மேய்க்கிறார். டவுனில் அவர் பாத்திரம் போட்டு வைத்திருக்கும் இடத்துக்குப் போனோம்.

"எனக்குப் போன்ல தட்டுனா எல்லாம் தெரியணும் பிள்ளைகளா" என்றார்.

"எல்லாம்னா என்னக்கா?"

"எல்லாம்னா எல்லாந்தான். இதக் கேக்கவா பொம்பளப் பிள்ளைக ரெண்டு பேரும் பஸ் ஏறி வந்திய?"

நடுவில் ஏழு போன் வந்தது. மூன்று முறை எழுந்து போய் யாரையோ திட்டிவிட்டு வந்தார். ஒரு கேள்விக்குக் கூட நேராகப் பதில் வரவில்லை. நிஜ மனிதர்களிடம் தேவை கேட்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருந்தால் என் நூலகரை இன்னும் மரியாதையாக நடத்தியிருப்பேன்.

ரஹ்மத் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்தாள். நான் எழுதுவதை அவள் நம்பவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

பட்டியலில் ஒன்பது தேவைகள். ஒவ்வொரு வரிக்கும் ரஹ்மத் ஒரே கேள்வி: "இத அந்தக்கா சொன்னாவளா, இல்ல நீயா எழுதுனியா?"

எட்டாவது வரி, 'விருந்துப் பட்டியலைப் படத்துடன் தேர்ந்தெடுக்கும் வசதி'. அவள் பதிவை முதலிலிருந்து ஓட விட்டாள். ஐம்பத்திரண்டு நிமிடம். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. கை தானாக எழுதியிருக்கிறது. அடித்தேன்.

ஆனால் ஆறாவது வரியை நான்தான் உண்டாக்கியிருப்பேன் என்று அவள் சத்தியம் செய்தாள். 'சம்பந்தி சண்டை வரப்போவது முன்கூட்டியே தெரிய வேண்டும்.' அது பதிவில் அட்சரம் பிசகாமல் இருந்தது. மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன். பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தாள். நல்ல சூடு.

ஜனவரி 25, ஞாயிறு

பாளையங்கோட்டையில் ஒரு மண்டபம். முதன்முறையாக அக்காவின் வேலையை நேரில் பார்த்தோம்.

எல்லாமே இலைக் கணக்கு. கல்யாண வீட்டார் முந்நூறு இலை என்று சொல்வார்கள், அக்கா முந்நூறு இலைக்குச் சமைப்பார். வருவது முந்நூற்று நாற்பது. இரண்டாவது பந்தி நடக்கும்போதே வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அக்கா எட்டிப் பார்க்கிறார். பார்த்ததும் உள்ளே திரும்பி ஒரு குரல். அந்தக் குரலில் அரிசி கூடுகிறது, கூட்டு குறைகிறது, பாயாசத்துக்குச் சின்னக் கரண்டி வருகிறது. ரஹ்மத் அந்தக் குரலை எந்தப் படத்தில் எப்படி வரைவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் ரசித்துப் பார்த்தேன்.

எங்களை முதல் பந்தியிலேயே உட்காரச் சொல்லிவிட்டார். அவியல் அருமை.

கிளம்பும்போது மணி நாலு. பாத்திரம் கழுவும் இடத்தில் அக்காவின் ஆட்கள் மோர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் கிடைக்க அரை மணி நேரம் ஆனது.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. ஆனால் அதே வீட்டின் மறுவீட்டு விருந்து. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு வராதவர்கள் கூட மறுவீட்டுக்கு வருவார்கள், காரணம் சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. நான் மூன்று முறை வாங்கினேன். ரஹ்மத் இரண்டு முறை, அதுவும் ஆய்வுக்காக என்றாள்.

ஆவுடையப்பன் மாஸ்டர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்ப்பார். அக்காவும் அப்படித்தான். மூன்றாவது பந்தியில் சொதி தீர்ந்தது, அண்டாவைக் கழுவத் தண்ணீர் ஊற்றியாயிற்று. ஆட்கள் உட்கார்ந்தபோது மோரும் ஊறுகாயும் இருந்தன. ரஹ்மத் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதினாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்று மூடிவிட்டாள்.

ஜனவரி 29, வியாழன்

வகுப்பில் டேட்டா ஃப்ளோ படம். ஒரு வேலையை வட்டமாகப் போட வேண்டும். உள்ளே போவது ஒரு அம்பு, வெளியே வருவது ஒரு அம்பு. உள்ளே எதுவுமே போகாமல் வெளியே மட்டும் வந்துகொண்டிருந்தால் அந்தப் படம் தப்பு. அந்தத் தப்புக்குப் பெயர் மிராக்கிள், அற்புதம்.

"கோயில்ல அற்புதம் நடக்கலாம். என் பேப்பர்ல நடக்கக் கூடாது" என்றார் மேடம்.

மாலையில் எங்கள் படத்தை எடுத்துச் சரிபார்த்தேன். சரக்கு அறையிலிருந்து அம்பு அடுப்புக்குப் போகிறது, அடுப்பிலிருந்து பந்திக்கு, பந்தியிலிருந்து விருந்தாளிக்கு. அக்காவின் பதினாலு ஆட்களிடமிருந்து எத்தனையோ அம்பு புறப்படுகிறது. அவர்களை நோக்கி ஒன்று கூட வரவில்லை. ரஹ்மத்திடம் காட்டினேன்.

"அந்த விதி வட்டத்துக்குத்தான் முப்பி. ஆளுகளுக்குக் கெடயாது."

சட்டப்படி அவள் சொன்னது சரி. எனக்குத்தான் அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. அழிரப்பரைத் தேடி எடுத்து, எதையும் அழிக்காமல் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்னொரு கல்யாணம். நான் படம் எதுவும் வரையாமல் ஆட்களை மட்டும் பார்த்தேன். காலை ஐந்து மணிக்கு வந்தவர்கள். ஒன்பது மணிக்கு ஒரு டீ. அப்புறம் வேலை.

பரிமாறும் வேலம்மாளிடம், "பசிக்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"சாம்பார் வாளியத் தூக்கிட்டுப் போறவளுக்குப் பசி எங்க தெரியும்? கைவலிதான் தெரியும்" என்று சிரித்தார்.

வீட்டார் சொன்ன இலைக் கணக்கில் ஆட்கள் கிடையாது. மிஞ்சினால் உண்டு. கூட்டம் கூடினால் முதலில் காலியாவது அவர்கள் பங்கு. வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, புதன்

அக்கா சொன்ன தேவைகள் பதினாறும் முடிந்தன. கீழே நான் ஒன்று எழுதினேன்.

'17. சமைக்கும், பரிமாறும் ஆட்கள் 14 பேரும் இலைக் கணக்கில் சேர வேண்டும். கடைசி விருந்தாளிப் பந்திக்கு முன்பே அவர்களுக்கென ஒரு பந்தி நடக்க வேண்டும்.'

"யார் சொன்னா?" என்றாள் ரஹ்மத்.

"யாரும் சொல்லல."

"அப்பம் இது யாரு? நூலகரா?"

அவள் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நானும் அதற்குப் பிறகு சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது. இங்கே எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

ரஹ்மத் பேசவில்லை. எனக்கும் வேறு வேலை இருந்தது. தலைமுடிக்கு எண்ணெய் வைத்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மேடத்தின் விதிக்கு ஒரே வழி, அக்கா வாயாலேயே சொல்ல வைப்பது. இன்றைய மண்டபத்துக்கு ரஹ்மத்தும் வந்திருந்தாள், தள்ளியே நின்றாள். நான் அக்காவிடம் நேராகக் கேட்டுவிட்டேன். "அக்கா, உங்க ஆளுகளுக்கும் ஒரு பந்தி வேணும்னு எழுதட்டுமா?"

அக்காவின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"என்ன பிள்ள சொல்லுதே? கல்யாண வீட்டுல போயி எங்களுக்குச் சோறு போடுங்கன்னு நான் கேக்கணுமா? சோத்துக்கு அலையுத கூட்டம்னு காலேஜ்ல எழுதி வைக்கப் போறியா? அழிச்சிரு. அது இருந்துச்சுன்னா நான் வெள்ளிக்கெழம வர மாட்டேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. பஸ்ஸில் ரஹ்மத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாலு நாளைக்குப் பிறகு. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள்.

தேதி, ஆட்கள் சாப்பிட்ட நேரம், சாப்பிட்ட பொருள். முதல் கல்யாணத்திலிருந்து இன்று வரை, எல்லா விருந்தும் இருந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே அவள் பார்த்திருக்கிறாள்.

"அப்பம் ஏன் என்கிட்ட சண்ட போட்ட?"

"பாத்தது எல்லாம் தேவையாகாதுளா. அந்தக்கா சொல்லணும்லா. சொல்லுவாவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஆற்றுப்பாலம் தாண்டும் வரை நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 9, திங்கள்

பதினேழை அழித்துவிட்டேன். பதினாறு வரி, பதினாறு 'ஆமா', பாஸ், சென்னை. நிம்மதி.

பிப்ரவரி 10, செவ்வாய்

திரும்ப எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

நாளை ரிவ்யூ. இன்று மாலையோடு பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். ரஹ்மத்திடம் சொன்னேன்: "இது இருந்தா அக்கா இல்லன்னு சொல்லிருவாங்க. நான் போனாப் போறேன். உன் மார்க்கும் சேந்து போகும். நீ சொல்லு, எடுத்துருதேன்."

அவள் பட்டியலை வாங்கி ஒரு தடவை முழுக்கப் படித்தாள். பதினேழில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டாள். பிறகு அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. "பஸ் வந்துருச்சு" என்று மட்டும் சொன்னேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். பதினேழு அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லி வரவழைக்க மனம் வரவில்லை. மறுமுனையில் கரண்டிச் சத்தம். பிறகு போன் நின்றுவிட்டது.

பிப்ரவரி 13, வெள்ளி

பத்து மணிக்கு ரிவ்யூ. பத்து ஐந்துக்கு அக்கா வரவில்லை. பத்து பத்துக்கும் வரவில்லை. பத்தேகாலுக்கு வராந்தாவில், "இந்தப் பிள்ளைகளுக்கு எத்தன மாடிதான் கட்டி வச்சிருக்காவ" என்று ஒரு குரல் கேட்டது. என் உயிர் திரும்பி வந்தது. பட்டுச் சேலை, பூ, பின்னால் ஆவுடையப்பன் மாஸ்டர். என்னைப் பார்த்து அக்கா சிரிக்கவில்லை.

மேடம் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒன்று, ஆமா. இரண்டு, ஆமா. ஆறாவதில் நிறுத்தி, "சம்பந்தி சண்ட முன்கூட்டியே தெரியணும்னு நீங்களா சொன்னீங்க?" என்று கேட்டார்.

"நாந்தான் மேடம். அது ரெம்ப அவசியம். சண்ட வந்தா ஒரு பக்கத்து ஆளு சாப்பிடாமப் போயிருவாவ. வடிச்ச சோறு என்னாவுறது?"

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார். பதினாறு வரைக்கும் ஆமா. அடுத்து அவர் பதினேழை வாசித்தார், மெதுவாக.

"இத நீங்க சொன்னீங்களா?"

"இல்ல."

மேடம் என்னைப் பார்த்தார். நூலகரைப் பிடித்த அன்று பார்த்த அதே பார்வை. "முப்பிடாதி. திரும்பவுமா?"

எழுந்து நின்றேன். "அவங்க சொல்லல மேடம். அழிக்கத்தான் சொன்னாங்க. ஆனா இது நான் உண்டாக்குனதும் இல்ல. நாங்க கண்ணால பாத்தது."

ரஹ்மத் எழுந்தாள். யாரும் கேட்காமலே நோட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள். "ஜனவரி இருவத்தஞ்சு, கல்யாணம். ஆளுக சாப்பிட்டது நாலு மணி. மோர்ச் சோறு. ஜனவரி இருவத்தாறு, மறுவீடு. மூணு அம்பது. மோரு, ஊறுகா. பிப்ரவரி ஒண்ணு. நாலே கால்..."

அக்கா குறுக்கிட்டார். "நில்லு பிள்ள. அந்த மறுவீட்டன்னைக்கு மூணு அம்பதா?" தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "ஏல ஆவுட, அவ்வளவா நேரமாச்சு?"

மாஸ்டர் இதுவரை எங்களிடம் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். தரையைப் பார்த்தபடி சொன்னார்: "மூணு அம்பதுக்குப் பொம்பளையாளுகதாங்க்கா உக்காந்தாவ. நாங்க உக்காரும்போது நாலரை."

அக்கா கையை நீட்டிப் பட்டியலை வாங்கினார். மேடத்தின் மேஜையில் இருந்த பேனாவையும் எடுத்துக்கொண்டார். ஒன்றிலிருந்து பதினாறு வரைக்கும் ஓரமாக ஒரு கோடு இழுத்தார்.

"மேடம், இதெல்லாம் நான் சொன்னது. பிள்ளைக கேட்டுச்சு, சும்மா இருக்கக் கூடாதுன்னு வாயில வந்தத எல்லாம் சொன்னேன். இந்தக் கடைசி ஒண்ணு நான் சொல்லல. எனக்கு வேணும்னா இது ஒண்ணுதான் வேணும்."

பதினேழுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கோ. கோமதி.

மேடம் அதை வாங்கிப் பார்த்தார். "கிளையண்ட் சொன்னது மட்டுந்தான்னு விதி போட்டது நான்" என்றார். "மாத்திக்கிடுதேன். கிளையண்ட் கையெழுத்துப் போட்டது." பிறகு என்னிடம், "ஒக்காரு. பாஸ்" என்றார்.

உட்கார்ந்தேன். அழுதேன். ரஹ்மத் தன் துப்பட்டாவைக் கொடுத்தாள். நனைந்ததும் அவளே திட்டினாள்.

மென்பொருள் எதுவும் செய்யப் போவதில்லை. ஒரு தாள் போதும். கல்யாண வீட்டார் இலை எண்ணிக்கை சொல்லும்போதே நிரப்பிக் கொடுக்கும் தாள். அதில் இரண்டு கட்டம்: விருந்தாளிகள், ஆட்கள். மாலைக்குள் அச்சடித்துக் கொடுத்துவிட்டோம். அக்கா அங்கேயே ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண வீட்டுக்குப் போன் போட்டார். ஆட்களுக்குப் பதினாலு இலை என்று அவர் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. மறுமுனையில் என்ன சொன்னார்களோ, "சரிங்க, சரிங்க, சந்தோசம்" என்று மூன்று தடவை சொன்னார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பன்னிரண்டே முக்கால். மூன்றாவது பந்தி எழுந்ததும் அடுத்த பந்திக்கு நின்றவர்களிடம் பெண்ணின் தாய்மாமாவே போய், "கொஞ்சம் பொறுங்க, சமையல்காரங்க பந்தி" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டு வாளியைத் தூக்கினார். நான் சோறு. ரஹ்மத் சாம்பார். அவள் பரிமாறும் அழகுக்கு யாரும் மார்க் போட மாட்டார்கள்.

பதினாலு இலை. பதினாலு பேரும் உட்கார்ந்தார்கள். வேலம்மாளக்காவுக்கு உட்கார்ந்த பிறகும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாஸ்டர் இரண்டு தடவை எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். இரண்டு தடவையும் அக்கா வாசலில் நின்று விரட்டி உட்கார வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா நின்றுகொண்டிருந்தார். பதினாலு என்று எழுதியபோது நான் ஆட்களை எண்ணினேன். ரஹ்மத் சரிபார்த்தாள். மேடம் படித்தார். அக்காவே கையெழுத்துப் போட்டார். அக்காவை யாரும் எண்ணவில்லை.

ரஹ்மத்தைப் பார்த்தேன். அவளும் எண்ணி முடித்திருந்தாள். சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய், ஒரு இலையை எடுத்துவந்து வேலம்மாளக்காவுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"எனக்கு எதுக்கு பிள்ள? நான் அப்புறமா..."

"எங்க தப்புக்கா. படத்துல ஒரு ஆளு விட்டுப்போச்சு. உக்காருங்க" என்றேன்.

தாய்மாமா தண்ணீர் தெளித்தார். அக்கா உட்கார்ந்தார். அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முதல் வாய் வைத்ததும், "உப்பு ஒரு கல்லு கூடல, ஒரு கல்லு கொறயல" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பிறகு அக்கா சாப்பிட்டார், நல்ல பசியோடு, இரண்டு தடவை சோறு வாங்கி.

கடைசியில் உட்கார்ந்தவர் என்பதால் மற்ற எல்லோரும் அவருக்கு முன்பே முடித்துவிட்டார்கள். பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்க மாட்டார். பதினாலு பேரும் கை காய உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அடுத்த பந்திக்குச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"எந்திரிங்க, வேல கெடக்குல்லா" என்றார் அக்கா, பாதி வாயில்.

ஒருவரும் அசையவில்லை.

"நீ மெதுவாச் சாப்பிடுக்கா" என்றார் மாஸ்டர்.